புதிய கேமராவைப் பழகுதல்: வெள்ளை வேட்டியிலிருந்து தொடங்கலாம்

கொடியில் காயும் வெள்ளை வேட்டி ஒன்றை, சட்டகம் முழுவதும் அதுவே நிறையும்படி, உங்கள் புதிய கேமராவின் தானியங்கி முறையில் படம் எடுத்துப் பாருங்கள். அடுத்து, கருப்புக் குடை ஒன்றை விரித்து அதையும் அவ்வாறே எடுங்கள். வேட்டி அழுக்கேறியதுபோல் மங்கியும், குடை வெளுத்துப்போய்ச் சாம்பல் பூத்தும் பதிவாகியிருக்கும். கேமராவில் கோளாறு ஏதும் இல்லை. அதன் உள்ளே இருக்கும் ஒளிமானிக்கு எதிரில் இருப்பது வேட்டியா குடையா என்பது தெரியாது. தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறப் பொருள் ஒன்றே தன் முன்னால் இருப்பதாக வைத்துக்கொண்டு அது கணக்குப் போடுகிறது.

மரங்களும் சுவர்களும் மனிதர்களும் கலந்த காட்சிகள் சராசரியாக இந்த அளவுக்கு அருகில் வந்துவிடுவதால், பெரும்பாலான படங்கள் சரியாகவே அமைந்துவிடுகின்றன. அந்தச் சராசரியிலிருந்து விலகிய காட்சி வரும்போதுதான் கேமராவின் கணக்கு தவறுகிறது. நம் மனத்தைக் கவர்ந்து நம்மைப் படம் எடுக்கத் தூண்டும் காட்சிகளோ பெரும்பாலும் அப்படி விலகியவையாகவே இருக்கின்றன. ஆகவே, புதிய கேமராவைப் பழகுவது என்பது அதன் ஊகம் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதைத் தெரிந்துகொண்டு, பொருந்தாத இடத்தில் தயங்காமல் குறுக்கிடுவதற்குக் கையையும் கண்ணையும் பழக்குவது என்றே நான் கருதுகிறேன். நான் தஞ்சாவூரில் இருக்கிறேன். வார நாள்களில் அலுவலகம், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கேமரா என்பது சில ஆண்டுகளாக என் வழக்கம். என்னிடம் இருப்பது ஏபிஎஸ்-சி அளவு சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு) கொண்ட 24 மெகாபிக்சல் மிரர்லெஸ் கேமராவும், அதனுடன் வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸும்தான். கீழே சொல்லப்போகும் பயிற்சிகளுக்கு அவ்வளவு போதும்; பழைய டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கும் இவை அப்படியே பொருந்தும்.

முதல் நாள் செய்ய வேண்டியவை

முதல் நாள் மாலையில் மெனுவுக்குள் புகுந்து ஒவ்வொரு வரியாகப் படிக்க முயலாதீர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட அமைப்புகளை ஒரே மூச்சில் பார்த்தால் சலிப்புதான் மிஞ்சும். பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்யுங்கள். தேதியையும் நேரத்தையும் சரியாகப் பதியுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு படத்துடனும் அவை சேர்ந்து பதிவாகி, பின்னாளில் படங்களைத் தேடி எடுக்க உதவும். மெமரி கார்டைக் கணினியில் அல்லாமல் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். கார்டு வாங்கும்போது வி30 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். நொடிக்குக் குறைந்தது 30 எம்பி வேகத்தில் அதில் எழுத முடியும் என்பது அதன் பொருள், தொடக்கக்காரரின் தேவைகளுக்கு அந்த வேகம் தாராளம்.

பலரும் கவனிக்காமல் விடும் சிறு சக்கரம் ஒன்று, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் ஓரத்தில் இருக்கும். டயாப்டர் என்று அதற்குப் பெயர். வியூஃபைண்டருக்குள் தெரியும் எண்களைப் பார்த்தபடியே, அவை கூர்மையாகத் தெரியும்வரை அதைத் திருப்புங்கள். கண்ணாடி அணிபவர்கள் இதைச் செய்யாமல் விட்டால், கேமரா சரியாக ஃபோகஸ் செய்திருந்தாலும் படம் மங்கலாகத் தெரிவதாக எண்ணிப் பல நாள் குழம்ப நேரிடும்.

பிறகு கேமராவைப் பிடிக்கும் முறையைப் பழகுங்கள். இடது உள்ளங்கை லென்ஸின் அடியில் தாங்கலாக இருக்க வேண்டும். இரு முழங்கைகளும் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். மூச்சைப் பாதி வெளியே விட்டு நிறுத்திய நிலையில், ஷட்டர் பொத்தானை முதலில் பாதி அழுத்தி, ஃபோகஸ் கிடைத்ததும் மீதியை மெல்ல அழுத்த வேண்டும். குத்துவதுபோல் அழுத்தினால் அந்த அதிர்வு படத்தில் தெரியும். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும்போதும் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு, சக்கரங்கள் எங்கே உள்ளன, எந்தப் பக்கம் திருப்பினால் எது மாறுகிறது என்பதைப் பார்க்காமலே விரல்கள் கண்டுபிடிக்கும்வரை பழகுங்கள். ஒரு வார காலம் இதற்காகச் செலவிட்டாலும் அது வீண் ஆகாது.

முதல் வாரம்: ஒரே ஒரு சக்கரம்

மோட் டயலைப் பி (P) என்ற எழுத்தில் வையுங்கள். ஒளி உள்ளே விழும் நேரமான ஷட்டர் வேகத்தையும், ஒளி நுழையும் துளையின் அளவான அபெர்ச்சரையும் கேமராவே முடிவு செய்துகொள்ளும். நீங்கள் தொட வேண்டியது பிளஸ், மைனஸ் குறிகள் உள்ள எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பொத்தான் ஒன்றை மட்டுமே. வேட்டியை மறுபடி எடுங்கள், இம்முறை பிளஸ் 1 வைத்து. போதாவிட்டால் பிளஸ் 1.7 வையுங்கள். வேட்டி வேட்டியாகும். குடைக்கு மைனஸ் 1 வைத்தால் அது கருப்பாகும். இங்கே 1 என்பது ஒரு ஸ்டாப். அதாவது ஒளியை இரு மடங்காக்குவது அல்லது பாதியாக்குவது. ஒளிப்படக்கலையில் எல்லாக் கணக்கும் இந்த இரட்டிப்பிலும் பாதியிலுமே நடக்கிறது.

வெள்ளைக்குப் பிளஸ், கருப்புக்கு மைனஸ் என்று மனப்பாடம் செய்துகொண்டால் வயலில் நிற்கும் கொக்கு உங்களை ஏமாற்றிவிடும். கொக்கு சட்டகத்தை நிறைத்தால் பிளஸ் தேவைப்படும். ஆனால் 55 மி.மீ. லென்ஸில் அது கரும்பச்சை நாற்றுக்கு நடுவே ஒரு சிறு புள்ளியாகத்தான் தெரியும். கேமரா அந்தப் பச்சையை அளந்து படத்தைப் பிரகாசமாக்கும். கொக்கின் சிறகுகள் விவரம் ஏதுமின்றி வெறும் வெள்ளைத்தாளாகிவிடும். அங்கே மைனஸ் வைக்க வேண்டும். எனவே பொருளின் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், சட்டகத்தில் அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த வகுப்பறை எங்கள் பெரிய கோயிலின் நந்தி மண்டபம். எண்ணெய் ஏறிக் கறுத்த ஒற்றைக்கல் நந்தி தூண்களுக்கு நடுவே நிழலில் படுத்திருக்க, அதற்குப் பின்னால் வானம் வெளிச்சமாகத் திறந்து கிடக்கும். வானமும் சேர்ந்து வரும்படி தள்ளி நின்று எடுத்தால், கேமரா வானத்தின் வெளிச்சத்துக்கு அஞ்சிப் படத்தை இருட்டாக்கிவிடுவதால், நந்தி வெறும் கரிய உருவமாகிவிடும், பிளஸ் 1.5 வைத்தால் கழுத்து மணிகள் தெரியத் தொடங்கும். அருகில் சென்று நந்தியின் முகம் மட்டுமே சட்டகத்தை நிறைக்கும்படி எடுத்தால், அதே கருங்கல் வெளிறிப்போய் மெருகு இழந்துவிடும். மைனஸ் 1 வைத்தால்தான் கல்லின் கனம் படத்தில் இறங்கும். பத்தடி முன்னும் பின்னும் நடந்ததற்குள், ஒரே பொருளுக்கு எதிரெதிரான இரண்டு திருத்தங்கள் தேவைப்பட்டதை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுவீர்கள்.

1858-இல் லினேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இதே கோயிலுக்கு வந்து, விமானத்தின் அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டுகளை அடுத்தடுத்து எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீண்ட படமாக்கினார். மெழுகு பூசிய காகிதத்தில், இன்றைய ஒளிமானிகள் இல்லாத காலத்தில், கல்லின்மீது விழும் வெயிலைக் கண்ணால் மட்டுமே மதிப்பிட்டு அவர் அதைச் செய்திருக்கிறார். அதை நினைக்கும்போதெல்லாம், ஒளியைப் படிக்கும் பழக்கம் கேமராவின் மெனுவைவிட மிகப் பழையது என்ற மரியாதை எனக்கு ஏற்படுகிறது.

திருத்தம் சரியா என்பதைப் பின்புறத் திரையை நம்பி முடிவு செய்யாதீர்கள். வெயிலில் திரை இருட்டாகவும், இரவில் அளவுக்கு மீறிப் பளிச்சென்றும் தோன்றும். ஹிஸ்டோகிராம் என்ற வரைபடத்தைத் திரையில் வரவழைத்துக்கொள்ளுங்கள். இடக்கோடி முழுக்கருமை, வலக்கோடி முழுவெண்மை. மலைபோன்ற அந்த உருவம் வலப்பக்கச் சுவரில் முட்டி நிமிர்ந்து நின்றால், அந்த இடங்களில் விவரம் அடியோடு அழிந்துவிட்டது என்று அறியலாம். கணினியில் எவ்வளவு முயன்றாலும் அது திரும்ப வராது.

அபெர்ச்சரும் ஷட்டரும்

இரண்டாம் வாரம் டயலை ஏ-வுக்குத் திருப்புங்கள். சில நிறுவனக் கேமராக்களில் அது ஏவி என்று இருக்கும். இப்போது அபெர்ச்சர் உங்கள் பொறுப்பு, ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற வரிசையில் ஒவ்வொரு படியும் முந்தையதில் பாதி ஒளியையே உள்ளே விடும். எண் கூடக்கூடத் துளை சிறுக்கும் என்பது தொடக்கத்தில் குழப்பும். லென்ஸின் மேல் மி.மீ. கணக்கில் குறிக்கப்படும் குவியத்தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்து வரும் விடையே அந்த எண் என்று தெரிந்துகொண்டால் குழப்பம் தீரும்.

மூன்று டம்ளர்களைத் திண்ணையில் ஒன்றன்பின் ஒன்றாக, நான்கு விரல் இடைவெளியில் வையுங்கள். லென்ஸை 55 மி.மீ.க்குத் திருப்பி, மூன்றடி தள்ளி அமர்ந்து, நடு டம்ளரில் ஃபோகஸ் செய்யுங்கள். எஃப்/5.6 அளவில் முன்னும் பின்னும் இருப்பவை மங்கலாகவும், எஃப்/16 அளவில் மூன்றுமே தெளிவாகவும் வரும். இரண்டுக்கும் இடையிலான எஃப்/8 அளவை மறக்காதீர்கள். கிட் லென்ஸ்கள் பெரும்பாலும் அந்த அளவில்தான் மிகக் கூர்மையாகப் பதிவு செய்கின்றன, 16-ஐத் தாண்டினால் ஒளி சிதறி மொத்தப் படமும் சற்று மென்மையாகிவிடும்.

ஷட்டரைப் புரிந்துகொள்ள வீட்டின் மின்விசிறி போதும். டயலை எம் என்ற எழுத்தில் வைத்து, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 800, எஃப்/4, 1/60 நொடி என்று தொடங்குங்கள். இரவு விளக்கொளியில் அறை ஓரளவு சரியாகவும், விசிறி இறக்கைகள் மங்கலான வட்டமாகவும் வரும். இறக்கைகளை நிறுத்திக் காட்ட வேண்டும் என்று 1/2000 நொடிக்குச் சென்றால், படம் இருண்டுவிடும்; ஏனென்றால் 125, 250, 500, 1000, 2000 என ஐந்து படிகளில் ஒவ்வொரு முறையும் ஒளி பாதியாகிவிட்டது. அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை ஐந்து படி ஏற்றி 25600-இல் நிறுத்த வேண்டியிருக்கும். விசிறி ஏறத்தாழ நின்றுவிடும். ஆனால் சுவரெல்லாம் ரவை தூவியதுபோல் நொய்ஸ் நிறைந்திருக்கும். ஒன்றைப் பெறுவதற்கு இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற இந்தக் கணக்கைப் புத்தகத்தில் படிப்பதைவிட, விசிறியின் அடியில் படுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் கற்றுவிடலாம்.

கையில் பிடித்து எடுக்கும்போது எவ்வளவு மெதுவான ஷட்டர் தாங்கும் என்பதற்கு ஒரு பழைய வாய்பாடு உண்டு. ஏபிஎஸ்-சி சென்சார் என்றால், குவியத்தொலைவை 1.5 ஆல் பெருக்கி, அதன் தலைகீழியை எடுத்துக்கொள்ளுங்கள், 55 மி.மீ. என்றால் 1/80 நொடி. நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி உள்ள லென்ஸில் இன்னும் மெதுவாகப் போகலாம், ஆனால் அது உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே சமன்செய்யும். ஓடும் குழந்தையை அது நிறுத்தாது. ஓடும் குழந்தைக்கு 1/500 வேண்டும்.

திருமண மண்டபங்களில் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பல எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை கண்ணுக்குத் தெரியாமல் மினுக்குகின்றன. படத்தில் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழுந்தால், ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வைத்து, ஓசையற்ற எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து, மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிடுங்கள்.

ஃபோகஸ் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. எங்கே கூர்மை வேண்டும் என்பதைக் கேமராவிடம் விட்டால், அது பெரும்பாலும் மிக அருகில் இருப்பதையே பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் புள்ளி முறையைத் தேர்ந்தெடுத்து, அந்தப் புள்ளியை நீங்களே நகர்த்துங்கள். மனிதர்களை எடுக்கும்போது மட்டும் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதியை இயக்குங்கள்; இன்றைய கேமராக்களில் அது நம்பத்தக்கதாக உள்ளது. நகரும் பொருளுக்குத் தொடர் ஃபோகஸ் முறைக்கு மாறுங்கள்.

ரா கோப்பும் ஒரு வளைகாப்பும்

என் தங்கையின் வளைகாப்புக்கு முதல் நாள் இரவு, மஞ்சள் குமிழ் விளக்கொளியில் சமையலறையைப் படம் எடுத்துப் பழகியபோது, ஒளியின் நிறத்துக்கேற்ப வண்ணங்களைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைக் குமிழ் விளக்குக்கான அமைப்பில் வைத்தேன். மறுநாள் காலையில் அதை மாற்றவில்லை. முற்றத்து வெயிலில் எடுத்த படங்கள் அனைத்திலும் நீலம் பரவிவிட்டது. அவள் கைகளில் அடுக்கடுக்காக ஏறிய சிவப்பு, பச்சைக் கண்ணாடி வளையல்களின் நிறம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது; படத்தில் அது இல்லை. ஜேபெக் வடிவில் மட்டுமே பதிந்திருந்ததால், கணினியில் நீலத்தைக் குறைத்தபோது தோலின் நிறமும் உடன் கெட்டது. அந்த நாள் திரும்ப வராது என்பதால் அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஜேபெக் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகளை மட்டுமே வைத்துக்கொண்டு மீதியைக் களைந்துவிடும். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பிலோ 16,384 படிநிலைகள் இருக்கும். ஒயிட் பேலன்ஸ் அதில் ஒரு குறிப்பாக மட்டுமே எழுதப்படுவதால், பின்னர் எந்த இழப்புமின்றி மாற்றலாம். படம் ஒன்றுக்கு 20 முதல் 50 எம்பி வரை இடம் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆயினும் முதல் நாளிலிருந்தே ராவும் ஜேபெக்கும் சேர்ந்து பதிவாகும்படி அமையுங்கள். ரா கோப்புகளைத் திருத்தத் தெரியாத இப்போதும் அவற்றைச் சேர்த்து வையுங்கள், ஓராண்டு கழித்துத் தெரிந்துகொள்ளும்போது அவை உங்களுக்காகக் காத்திருக்கும். ஒவ்வொரு முறையும் கேமராவை அணைப்பதற்கு முன், ஐஎஸ்ஓ, ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் மூன்றையும் வழக்கமான நிலைக்குத் திருப்புவதைக் கதவைப் பூட்டுவதுபோன்ற பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வெயில், நம் ஊர் மழை

சூரியன் எழுந்த பின்னும், மறைவதற்கு முன்னும் வரும் பொன்னொளி பற்றி எல்லா வழிகாட்டிகளும் எழுதுகின்றன. குளிர்நாடுகளில் சூரியன் தொடுவானத்தை ஒட்டிச் சாய்வாக நகர்வதால் அந்த ஒளி நெடுநேரம் நீடிக்கிறது. நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், இங்கே சூரியன் ஏறத்தாழ நேர்க்குத்தாக மேலே ஏறுகிறது. உதித்த ஒரு மணி நேரத்துக்குள் அந்த மென்மை போய்விடும். ஆகவே சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே இடத்தில் இருங்கள். வாசலில் கோலம் போட்டு முடிந்திருக்கும்; சூரியன் எழுந்ததும், புள்ளிகளின் மீது சாய்ந்து விழும் வெளிச்சம் மாவின் ஒவ்வொரு மணியையும் காட்டும். சித்திரையிலும் ஆவணியிலும் உச்சி வெயில் தலைக்கு நேர் மேலே நிற்பதால், முகங்களில் கண்குழிகள் இருண்டுவிடும். அப்போது ஆளைத் திண்ணை நிழலுக்கு அழைத்து, வெளிப்புறம் பார்த்து அமரச் செய்யுங்கள். தெரியாதவர்களை எடுப்பதாக இருந்தால், முதலில் கேட்டுவிட்டு எடுங்கள். மறுத்தால் நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். சிலந்தி வலைபோல் அது கண்ணாடியில் படர்ந்துவிட்டால், நீக்குவதற்குச் செலவும் ஆகும், கண்ணாடியின் மேற்பூச்சும் பாழாகும். கேமராவைத் தோல் பையிலோ துணி அலமாரியிலோ மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரப்பதமானியும் போட்டு, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே வந்த உடன் கேமராவைப் பையிலிருந்து எடுத்தால், லென்ஸில் பனிபோல் ஈரம் படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் விட்டுவிட்டுத் திறவுங்கள். லென்ஸைத் துடைக்க வேட்டி நுனியும் முந்தானையும் வேண்டாம்; முதலில் ரப்பர் ஊதுகுழலால் தூசியை நீக்கி, பிறகு மைக்ரோஃபைபர் துணியால் மெல்லத் துடையுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளிகள் தெறிக்கும்.

இரண்டாவது லென்ஸ்

மூன்று மாதங்களுக்கு வேறு லென்ஸ் எதையும் வாங்காதீர்கள். வாரந்தோறும் எடுத்தவற்றில் பத்துப் படங்களை மட்டும் தேர்ந்தெடுத்துத் தனிக் கோப்புறையில் சேருங்கள். படங்கள் இரண்டு இடங்களில் நகலாகும்வரை கார்டை அழிக்காதீர்கள். தேர்ந்தெடுத்த ஒவ்வொரு படத்தின் தகவல்களையும் திறந்து, குவியத்தொலைவு, அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ நான்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். எது உங்கள் கண்ணுக்கு இயல்பான தொலைவு என்பதை அந்த எண்களே சொல்லிவிடும். 18 மி.மீ. பக்கமே திரும்பத் திரும்ப வந்தால், உங்களுக்கு அகலமான லென்ஸ் பயன்படும். 55-இலேயே முட்டி நின்றிருந்தால், இன்னும் தொலைவைக் கொண்டுவரும் லென்ஸ்தான் உங்களுக்கு உரியது.

என் குறிப்பேட்டில் பாதிக்கு மேல் 35-ஐ ஒட்டியே வந்தது. மாலை நேரப் படங்களில் ஐஎஸ்ஓ எப்போதும் மிக உயர்ந்திருந்தது. அதனால் 35 மி.மீ. எஃப்/1.8 பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ் வாங்கினேன். எஃப்/5.6 அளவோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. விளக்கேற்றும் நேரத்தில் அம்மா வாசற்படியில் அமர்ந்து மல்லிகை கட்டும்போது, எஃப்/5.6 அளவில் ஐஎஸ்ஓ 4000 கேட்ட அதே வெளிச்சத்தில், இப்போது 400-இல் 1/125 நொடிக்கு எடுக்க முடிகிறது. நாரில் முடிச்சு இறுகும்போது அவர் விரல் நகத்தில் ஒட்டியிருக்கும் பச்சைக் காம்புத் துணுக்குவரை அதில் தெரிகிறது.